வீட்டுக்கு வராத பார்சல்: காத்திருப்பதா, இடத்தை மாற்றுவதா, கூரியரை மாற்றுவதா?

பிற்பகல் 3.10. முன்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். கைபேசியில் செய்தி வந்து விழுகிறது: "தங்கள் பார்சலைத் தர வந்தோம். வீட்டில் ஆள் இல்லை." எழுந்துபோய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பூனை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இப்படி ஏமாந்தவர்கள் எல்லோரும் அடுத்து ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: "எந்த கூரியர் நல்ல கூரியர்?" கேள்வியே கொஞ்சம் தப்பு. ஒரே நிறுவனம் ஒரு தெருவில் தங்கம், அடுத்த தெருவில் தகரம். உங்கள் பகுதிக்கு வண்டி ஓட்டுகிறவர் யார், அன்றைக்கு அவர் தலையில் எத்தனை பார்சல் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது அது. பார்சல் எந்த இடத்தில் கைநழுவுகிறது, அந்த இடத்தைத் தாண்டிப் போக எது சுலபம் என்று யோசித்தால் பதில் கிடைக்கும். அதற்கு ஆறு வழிகள் இருக்கின்றன. எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவராது.

## அந்த 'ஆள் இல்லை' எங்கே பிறக்கிறது

காலையில் கிளையிலிருந்து கிளம்பும்போது, டெலிவரி ஆளின் பெயரில் ஏறிய ஒவ்வொரு பார்சலும் அவர் கையிலுள்ள கருவியில் ஒரு வரியாக நிற்கும். இரவு கணக்கு முடிக்கும்போது எந்த வரியும் சும்மா நிற்கக் கூடாது. கொடுத்தாயிற்று, அல்லது கொடுக்க முடியவில்லை என்று ஏதாவது ஒன்று விழ வேண்டும். முடியவில்லை என்றால் காரணம் கேட்கும்: ஆள் இல்லை, முகவரி சரியில்லை, வாங்க மறுத்தார், வேறு நாள் வரச் சொன்னார். 'எனக்கு நேரம் போதவில்லை' என்ற காரணம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அதை அழுத்தினால் குறை அவர் கணக்கில் ஏறும். 'ஆள் இல்லை' என்று அழுத்தினால் நம் கணக்கில் ஏறும்.

பல இடங்களில் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. திரும்பி வரும் பார்சலுக்குச் சில இடங்களில் கூலியே இல்லை. நம் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் அவர் வேறு நாலு பார்சலைக் கொடுத்திருப்பார். பொய் எழுதுவது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எரிச்சலில் அவரைத் திட்டுவதால் இந்தக் கணக்கு மாறாது, அவ்வளவுதான். நம் பார்சல் அவருக்கு எளிய பார்சலாக ஆனால் வரும், ஆகாவிட்டால் நாளைக்குத் தள்ளிப் போகும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உங்களுக்கு நேர்வது எந்த வகைக் குறை என்பது. கடைசி ஐந்தாறு ஆர்டர்களின் டிராக்கிங்கைத் திறந்து பாருங்கள். ஆளே வராமல் 'வந்தோம்' என்று போட்டார்களா? வந்து வேறு வீட்டில் கொடுத்துவிட்டார்களா? வாசலில் போட்டுவிட்டுப் போய், பிறகு காணாமல் போனதா? இந்த மூன்றும் கடைசி ஒரு கிலோமீட்டரில் நடப்பவை. பெறும் இடத்தை மாற்றினால் தீரும். பார்சல் எங்கோ ஒரு ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கில்) நாலு நாள் அசையாமல் கிடந்தது, அல்லது நசுங்கி வந்தது என்றால் கதை வேறு. அது உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்த கோளாறு. தெருமுனை லாக்கருக்கு (குறியீடு போட்டுத் திறந்து நாமே பார்சலை எடுக்கும் பூட்டறைக்கு) அனுப்பச் சொன்னாலும் வாசலில் பெட்டி வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் வாசல் பெட்டிக்குக் காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, பொறுப்பு எப்போது உங்கள் தலைக்கு மாறுகிறது. இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் உத்தரவும், பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டமும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: வாங்கியவரோ, அவர் குறிப்பிட்ட ஆளோ பொருளைக் கையில் பெறும்வரை அது தொலைந்தாலும் உடைந்தாலும் விற்றவர் பாடு. அந்த 'அவர் குறிப்பிட்ட ஆளோ' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும். மற்ற நாடுகளில் சட்டத்தின் வாசகம் வேறாக இருக்கலாம். ஆனாலும் எந்தக் கடையின் நிபந்தனைகளைப் படித்தாலும் 'எந்த நொடியில் டெலிவரி ஆனதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் நேரம். காத்திருக்கும் அரைநாளும் செலவுதான். நான்காவது, பொருள் எப்படிப்பட்டது: பெரிதா, விலை கூடியதா, கையெழுத்தோ ஓடிபியோ கேட்குமா, கெட்டுப்போகுமா. கடைசியாக, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப எவ்வளவு அலைய வேண்டும். துணி, செருப்பு வாங்குகிறவர்களுக்கு இது கடைசி அல்ல, முதல்.

| வழி | எதைத் தீர்க்கும் | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| வீட்டு வாசல், முகவரியைச் செப்பனிட்டு | வழி தவறுதல், 'முகவரி சரியில்லை' | காத்திருக்கும் நாள் | பெரிய பொருள், ஓடிபி, அடையாள அட்டை |
| பக்கத்து வீடு, காவலாளி | ஆள் இல்லாத நேரம் | பொறுப்பு மாறுகிறது, உறவில் உரசல் | விலை குறைந்த, அவசரமில்லாத பொருள் |
| வேலை செய்யும் இடம் | பகலில் வீடு பூட்டியிருப்பது | தூக்கி வருவது, அந்தரங்கம் | சிறிய பார்சல், விலை கூடியது |
| லாக்கர், பிக்கப் இடம் (நாமே போய் எடுப்பது) | பொய்யான 'ஆள் இல்லை', வாசல் திருட்டு | கெடு நாள், அளவு வரம்பு | அடிக்கடி வாங்குகிறவர்கள் |
| வாசலில் பூட்டுள்ள பெட்டி | வாசல் திருட்டு, மழை | ஓடிபி பார்சலுக்கு உதவாது | தனி வீடு, சொந்த வீடு |
| கூரியரை அல்லது கடையை மாற்றுவது | நடுவழித் தாமதம், சேதம் | கூடுதல் கட்டணம், உரிமை இழப்பு | ஹப்பிலேயே சிக்கும் பார்சல் |

## வீட்டு வாசலிலேயே, ஆனால் முகவரியைச் செப்பனிட்டு

காசே செலவாகாத வழி இதுதான். முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

என் பார்சல் மூன்றாம் நாள் வந்தது. கொண்டுவந்த தம்பியிடம், "முந்தாநாள் நான் வாசல்லயே இருந்தேனேப்பா" என்றேன். சண்டை போடாமல் அவர் கைபேசியை என் பக்கம் திருப்பினார். "சார், உங்க வீடு எனக்குப் பின்னாடி தெருவுலல்ல காட்டுது. அங்க நின்னு மூணு தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கல." பார்த்தால், கடையின் செயலியிலுள்ள வரைபடத்தில் நான் முள்ளை (இருப்பிடம் காட்டும் குறியை) குத்திய இடம் வீட்டுக் கூரையின் நடுவில். வழிகாட்டி மென்பொருள் முள்ளுக்கு மிக அருகில் எந்தச் சாலை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். என் வீட்டின் பின்சுவர் ஒரு சந்தோடு ஒட்டியிருக்கிறது. சந்துக்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. அவர் கூப்பிட்ட மூன்று அழைப்பையும் என் கைபேசியின் ஸ்பாம் வடிகட்டி சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது.

ஆக, பாதிக் குற்றம் என்னுடையது. அன்றைக்கே முள்ளைக் கூரையிலிருந்து பிடுங்கி வாசல் கேட்டில் குத்தினேன்.

அடுத்தது லேபிள். முகவரிக்கு அதில் சில வரிகள்தான் இடம். மிஞ்சினால் மென்பொருள் வெட்டிவிடும், வெட்டுவது எப்போதும் வாலைத்தான். நாம் குடியிருப்பின் பெயர், தொகுதி, பெருந்தெரு என்று நீட்டி முழக்கிவிட்டு வீட்டு எண்ணைக் கடைசியில் போட்டிருப்போம். வீட்டு எண்ணும் மாடியும் முதல் வரியில் வரட்டும். 'டெலிவரி குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதுவது லேபிளில் அச்சாகும் என்று நம்ப வேண்டாம். கடையின் செயலியிலிருந்து கூரியரின் கருவிக்குப் போகும் வழியில் அது உதிர்ந்துபோவது சகஜம்.

தெருப்பெயரோ வீட்டு எண்ணோ ஒழுங்காக இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்குக் கூகுள் வரைபடத்தின் 'பிளஸ் கோடு' ஒரு நல்ல கைக்காவல். முழுக் குறியீட்டில் பத்து எழுத்து-எண்கள். பூமியின் மேல் ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரத்தை அது சுட்டும். ஊர்ப்பெயரோடு சேர்த்தால் அதன் சுருக்க வடிவமே போதும். முகவரியின் இரண்டாம் வரியில் அதை எழுதி வைத்தால், டெலிவரி ஆள் அதை வரைபடத் தேடலில் அப்படியே தட்டி நேராக வந்துவிடலாம்.

இந்த வழியின் உண்மையான செலவு காத்திருப்பு. 'காலை 9 முதல் இரவு 9 வரை' என்பது நேரம் அல்ல, வீட்டுக்காவல். வீட்டில் எப்போதும் யாராவது இருக்கும் குடும்பத்துக்கு இது பொருட்டில்லை. தனியாக இருந்து வேலைக்குப் போகிறவருக்கு ஒரு விடுப்பு நாளே போய்விடும். ஆனாலும் குளிர்பெட்டி, கட்டில், மாட்டித் தர வேண்டிய சாதனம், அடையாள அட்டை பார்த்துத் தரும் வங்கி உறை போன்றவற்றுக்கு வேறு வழியே இல்லை, வாசல்தான்.

ஓடிபி பற்றி ஒரு வார்த்தை. "சார், பக்கத்துலதான் இருக்கேன், ஓடிபி சொல்லிடுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போன் வரும். சொல்லாதீர்கள். அந்த எண் போன நொடியில் கணக்குப்படி பார்சல் உங்கள் கையில். அதன் பிறகு 'வரவில்லை' என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

## பக்கத்து வீடு அல்லது காவலாளி

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க" என்பது உலகத்தின் மிகப் பழைய பிக்கப் நிலையம். இலவசம், உடனடி. டெலிவரி ஆளுக்கும் வேலை முடிகிறது. ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம் இது.

நீங்களே வாய்திறந்து அக்காவைக் குறிப்பிட்டால், அக்கா வாங்கிய நொடியில் நீங்கள் வாங்கியதாகிவிடுகிறது. உள்ளே பொருள் உடைந்திருந்தால், "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்பார்கள். நீங்கள் சொல்லாமல் அவராகவே யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனால் நிலைமை வேறு. அப்போது "எனக்கு வந்து சேரவில்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு இடம் இருக்கிறது. ஆகவே எழுத்தில் பக்கத்து வீட்டைக் குறிப்பிடுவதற்கு முன் பொருளின் விலையைப் பாருங்கள்.

உறவுக் கணக்கும் உண்டு. மாதம் ஒன்றென்றால் அன்பு, வாரம் மூன்றென்றால் தொல்லை. 'கேஷ் ஆன் டெலிவரி' பார்சலை அவர் தலையில் கட்டக் கூடாது. அவர் கையில் சில்லறை இல்லாமல் தடுமாறும் தர்மசங்கடம் யாருக்கும் வேண்டாம். அவர் பகலில் தூங்குகிறவரா, அழைப்புமணியால் எழுந்துவிடும் குழந்தை வீட்டில் இருக்கிறதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

அடுக்குமாடியில் காவலாளி அறை இருந்தால் ஒரு குறிப்பேடு வைப்பது நல்லது. எந்த வீடு, எத்தனை பார்சல், எப்போது வந்தது, யார் எடுத்தது. இல்லாவிட்டால் ஐம்பது அட்டைப்பெட்டிக்கு நடுவில் உங்களுடையது எது என்று தேடுவதே பெரும்பாடு. தொலைந்தால் காவலாளி தலை உருளும், அது நியாயமும் இல்லை.

## வேலை செய்யும் இடம்

பகலில் கட்டாயம் ஆள் இருக்கும், வரவேற்பறை இருக்கும், வரைபடத்தில் இடம் சரியாக இருக்கும். டெலிவரி ஆளுக்கு அலுவலகக் கட்டடம் பிடிக்கும், ஒரே நிறுத்தத்தில் பத்துப் பார்சல் இறங்கும். விலை கூடிய சின்னப் பொருளுக்கு, கைபேசி, கடிகாரம் மாதிரி, இதைவிடப் பத்திரமான இடம் குறைவு.

விடுமுறை நாளில் வந்தால் மட்டும் சிக்கல். முகவரியில் 'அலுவலகம்' என்று வகை போட இடமிருந்தால் போட்டுவிடுங்கள், சில செயலிகள் விடுமுறை நாளைத் தவிர்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சக ஊழியர் கேட்பார். மறைக்க விரும்பும் பொருளுக்கு இது உகந்த வழி அல்ல. வேலை மாறிய பின் பழைய முகவரியைச் செயலியிலிருந்து நீக்க மறந்து, முன்னாள் முதலாளிக்குப் போர்வை அனுப்பிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

## லாக்கர், பிக்கப் இடம், கிளை அலுவலகம்

வாரத்துக்கு ஒரு பார்சலாவது வாங்குகிறவருக்கு, பக்கத்தில் இந்த வசதி இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான்.

ஜெர்மனியில் தபால் நிறுவனம் 'பாக்ஸ்டாட்சியோன்' என்ற பெயரில் 2001-இல் சோதனையாக இதைத் தொடங்கியது. போலந்தில் தெருமுனை லாக்கரில் பார்சல் எடுப்பது இன்று அன்றாடப் பழக்கம். வசதி இத்தனை நம்பகமாக இருப்பதற்குக் காரணம், மேலே சொன்ன அதே டெலிவரி ஆளின் கணக்குதான். ஒரு நிறுத்தத்தில் நாற்பது பார்சல் இறங்குகிறது. அழைப்புமணி இல்லை, மாடிப்படி இல்லை, நாய் இல்லை. 'ஆள் இல்லை' என்று எழுதவே வழியில்லை, ஏனென்றால் ஆளே தேவையில்லை. அறைக்கதவு மூடும்போதே பதிவு விழுந்து உங்கள் கைபேசிக்குக் குறியீடு வந்துவிடுகிறது. இதில் அவர் சோம்பல்பட்டாலும் உங்கள் பார்சல் வந்து சேரும்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. முதலாவது கெடு. பொதுவாகச் சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஊருக்குப் போகும் வாரத்தில் லாக்கருக்கு ஆர்டர் போடக் கூடாது. அடுத்தது, லாக்கர் நிரம்பியிருந்தால் உங்களைக் கேட்காமலே வேறு லாக்கருக்குத் திருப்பிவிடலாம். பண்டிகைக் காலத் தள்ளுபடி நாட்களில் இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் குறியீடும் போச்சு. ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது கேவலமில்லை. கனமான பெட்டியை வீடுவரை சுமப்பது உங்கள் முதுகின் பொறுப்பு.

கடைக்காரர் ஒருவர் பார்சல் வாங்கி வைக்கும் பிக்கப் இடம் என்றால், கடை திறக்கும் நேரம், அவரிடம் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஆர்டரில் போட்ட பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப்போகட்டும். செல்லப்பெயரில் ஆர்டர் போட்டுவிட்டு அட்டையில் இன்னொரு பெயரோடு போய் நிற்காதீர்கள்.

இவை இரண்டும் இல்லாத இடத்தில், "கிளைக்கே வந்து வாங்கிக்கிறேன்" என்று கூரியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நல்ல வழிதான், ஆனால் ஒரு நுணுக்கம். 'டெலிவரி முயற்சி தோல்வி' என்று பகல் 12 மணிக்குச் செய்தி வந்ததும் ஓடினால் பார்சல் அங்கே இருக்காது. அது இன்னும் வண்டியில் சுற்றிக்கொண்டிருக்கும், மாலையோ இரவோதான் கிளைக்குத் திரும்பும். மறுநாள் காலை, வண்டி ஏற்றுவதற்கு முன் போய் நின்றால் கையோடு வாங்கலாம். அல்லது முந்தின நாளே தொலைபேசியிலோ செயலியிலோ 'கிளையில் நிறுத்தி வையுங்கள்' என்று பதிவு போட்டு, அது டிராக்கிங்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பல நிறுவனங்கள் மூன்று முயற்சிக்கு மேல் வைத்திருப்பதில்லை. இரண்டாவது தோல்வியிலேயே கிளம்பிவிட வேண்டும்.

## வாசலில் பூட்டுள்ள பெட்டி

தனி வீட்டுக்காரர்களுக்கு ஆசை காட்டும் வழி. மேல்வாயில் போட்டால் உள்ளே விழுந்துவிடும், வெளியிலிருந்து கையை விட்டு எடுக்க முடியாது. நல்ல பெட்டியின் அடையாளம் அந்த உள்தடுப்புத்தான். அது இல்லாத பெட்டி வெறும் அலங்காரம்.

பெட்டி வாங்கும் முன் சென்ற மாதம் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி அளந்து பாருங்கள். அதில் பாதிகூட வாய்க்குள் நுழையாது என்றால் வீண். முதல் பார்சல் உள்ளே கிடக்க, இரண்டாவது கூரியர் வந்து இடமில்லாமல் பெட்டியின் தலைமேல் வைத்துவிட்டுப் போவதும் நடக்கும். வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும், மருந்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஓடிபி அல்லது கையெழுத்து கேட்கும் பார்சலுக்கு இந்தப் பெட்டியால் பயனில்லை.

இதன் ஏற்பாட்டில் ஒரு பொறி. 'பத்திரமான இடம்' என்று செயலியில் நீங்களே பெட்டியைக் குறித்துவிட்டால், பெட்டியில் போட்டதோடு தங்கள் கடமை முடிந்தது என்று கடை வாதாட இடம் கொடுக்கிறீர்கள். பெட்டியும் வாசலும் தெரியும்படி ஒரு கேமரா இல்லாமல் இந்த வழிக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

## கூரியரை, அல்லது கடையை மாற்றுவது

பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருப்பது இதனால்தான்: கூரியரைத் தேர்வது நாம் அல்ல, விற்கிறவர். ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையில். 'விரைவு டெலிவரி'க்குக் கூடுதல் காசு கட்டினால் ஊர்விட்டு ஊர் போகும் பயணம் வேகமாகும். கடைசிக் கிலோமீட்டரில் பார்சலைத் தூக்குவது பல சமயம் அதே துணை ஒப்பந்தக்காரர், அதே தம்பி. 'வாசல் பிரச்சினை' உள்ளவர் விரைவுக் கட்டணம் கட்டினால், 'ஆள் இல்லை' என்ற செய்தி ஒருநாள் முன்னதாக வரும். வேறு பலன் இல்லை.

வெளிநாட்டுப் பார்சலில் டிராக்கிங் எண்ணே துப்பு கொடுக்கும். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் இருந்தால் அது உலக அஞ்சல் ஒன்றியத்தின் வடிவம். 1874-இல் உருவான அந்த அமைப்பின்கீழ் நாடுகளின் தபால்துறைகள் ஒன்றுக்கொன்று பார்சலைக் கைமாற்றுகின்றன. கடைசி இரண்டெழுத்து அனுப்பும் நாட்டைக் குறிக்கும். அப்படி எண் வந்தால் விற்றவர் யாராக இருந்தாலும் பொதுவாக உங்கள் வாசலுக்கு வருவது உங்கள் நாட்டுத் தபால்துறைதான். அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

"நானே ஒரு நல்ல கூரியரை ஏற்பாடு செய்கிறேன், கடையிலிருந்து எடுத்து வரட்டும்" என்பவர்களும் உண்டு. இங்கே இரண்டு பொறிகள். மேலே சொன்ன ஐரோப்பிய, பிரிட்டிஷ் சட்டங்களில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கடை தராத ஒரு கூரியரை வாங்குகிறவரே அமர்த்தினால், கூரியர் கையில் கொடுத்தவுடனேயே பொறுப்பு வாங்கியவருக்கு மாறிவிடும். வழியில் தொலைந்தால் கடையைக் கேட்க முடியாது. அடுத்தது பருமன் எடை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் எண்ணையே கிலோவாக எடுத்துக்கொள்வது பல கூரியர்களின் வழக்கம். 60, 40, 40 அளவுள்ள பெட்டியில் மூன்று கிலோத் தலையணை இருந்தாலும் 19.2 கிலோவுக்குக் காசு கேட்பார்கள்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? பார்சல் ஒவ்வொரு முறையும் ஒரே ஹப்பில் சிக்குகிறது, அல்லது ஒரே கடையிலிருந்து வருவதெல்லாம் நசுங்கியே வருகிறது என்றால் தயங்காமல் கடையை மாற்றுங்கள். அதே பொருளை விற்கும் வேறு விற்பனையாளர் வேறு கிடங்கிலிருந்து, வேறு கூரியரில் அனுப்பலாம். வாங்கும் முன், "எந்த கூரியரில் அனுப்புவீர்கள்?" என்று ஒரு வரி கேட்டால் சிறிய விற்பனையாளர்கள் பதில் சொல்வார்கள், சிலர் மாற்றியும் அனுப்புவார்கள். பெரிய தளங்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

## என் வீட்டு ஏற்பாடு

ஒரே வழியில் நிற்காமல் பொருளைப் பார்த்துப் பிரித்துக்கொண்டேன். சின்னதும் நடுத்தரமும் லாக்கருக்கு. கைபேசி போன்றவை அலுவலகத்துக்கு. தூக்க முடியாதது வீட்டுக்கு, அதுவும் நான் இருக்கும் நாளில். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்போதாவது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு. வாசல் பெட்டி வாங்கவில்லை, அளந்து பார்த்ததில் பாதி நுழையவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பார்சல் தவறினால் கூரியரின் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டுவதில் பொழுதைப் போக்க வேண்டாம். உங்களிடம் காசு வாங்கியவர் விற்பனையாளர், எழுத்தில் அவரிடம் கேளுங்கள். இந்தியாவில் 2020-இன் மின்வணிக விதிகள்படி குறைதீர் அலுவலர் 48 மணிநேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எந்த நாடானாலும் போனில் பேசியது காற்றோடு போகும். டிராக்கிங்கின் ஸ்கிரீன்ஷாட், அன்றைக்கு உங்கள் கைபேசிக்கு வந்த அழைப்புகளின் பட்டியல், 'டெலிவரி ஆனது' என்று அவர்கள் காட்டும் புகைப்படம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தப் புகைப்படத்தில் தெரியும் கதவு உங்கள் வீட்டுக் கதவு இல்லை என்றால், உங்கள் கதவின் படத்தைப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கக் கடிதம் செய்யாததை அந்த இரண்டு படம் செய்யும்.

விலை கூடிய பார்சலைப் பிரிக்கும் முன் ஒரு தராசில் வையுங்கள். லேபிளில் பெரும்பாலும் எடை அச்சாகியிருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் பிரிக்காமல் நிறுத்தி, தராசின் எண்ணும் லேபிளும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு வீடியோவை ஓடவிட்டுப் பிரியுங்கள். வெட்டு விழாத ஒரே ஓட்டமாக, லேபிளில் தொடங்கி உள்ளிருப்பது வெளியே வரும்வரை.

திருப்பி அனுப்பும்போதும் இதே கதைதான், திசை மட்டும் மாறுகிறது. எடுக்க வருகிறவரும் 'ஆள் இல்லை' என்று எழுதலாம். முடிந்தால் பிக்கப் இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்தால், பையைக் கையில் கொடுத்ததும் உள்ளே திரும்பிவிடாதீர்கள். அவர் கருவி 'பீப்' என்று சத்தம் போடுகிறதா, உங்கள் கைபேசிக்குச் செய்தி வருகிறதா என்று பார்க்கும்வரை வாசலிலேயே நில்லுங்கள்.